அப்பாவுக்குக் குழந்தை மேல் உரிமையே இல்லையா? பாகூர் தம்பியின் கேள்விக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியவேண்டும். பாகூர் பக்கம் வீடு. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பிடித்தமெல்லாம் போக மாதம் 24,000 ரூபாய் கைக்கு வருகிறது. கல்யாணமாகி ஐந்து வருஷம். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு சண்டையில் மனைவி மூன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன் தனியார் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவர், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டார். 'அது அவள் எடுத்த முடிவு' என்கிறீர்கள். கடலூர் கோர்ட்டிலிருந்து ஜீவனாம்ச நோட்டீஸ் வந்திருக்கிறது. குழந்தையைப் பார்க்கப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். 'ஆணும் பெண்ணும் சமம் என்றால், பணம் மட்டும் நான், பிள்ளை மட்டும் அவளா? பெண்ணுக்கென்றால் ஓடி வருகிற சட்டம் ஆணுக்கு ஏன் வரவில்லை?' இதுதான் உங்கள் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. சட்டம் ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரி நடத்துகிறதா என்பது ஒன்று. என் மகளை எப்போது பார்ப்பேன் என்பது இன்னொன்று. முதலாவதைக் கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது என்று எழுத்திலேயே தெரிகிறது. கடலூரிலும் பாண்டியிலும் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். மனைவிக்காக நின்றிருக்கிறேன், கணவனுக்காக நின்றிருக்கிறேன், பேரப்பிள்ளையைக் கேட்டு வந்த பாட்டிக்காகவும் நின்றிருக்கிறேன். உங்கள் காகிதங்களை நான் பார்க்கவில்லை, உங்கள் மனைவி தரப்பையும் கேட்கவில்லை. ஆகையால் சட்டம் என்ன என்பதை உறுதியாகச் சொல்வேன். நீதிபதி என்ன உத்தரவு போடுவார் என்பதை எந்த வக்கீல் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் இருவரும் இந்து என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், காகிதத்தில் பார்த்தால் சட்டம் அப்பா பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 1956ஆம் வருஷத்து இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் அப்பா என்றும், அவருக்கு அடுத்துத்தான் அம்மா என்றும் சொல்கிறது. பெற்று, பால் கொடுத்து, ராத்திரி பூரா தூக்கி வைத்திருந்தவள் இரண்டாம் இடம். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. அப்பா உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பை ஏற்காமல் ஒதுங்கி நின்றால் அம்மாவே காப்பாளர் என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தின் வரி மட்டும் இன்றைக்கும் மாறவில்லை. இரண்டு பேரையும் சமமான காப்பாளர்களாக ஆக்க வேண்டும், பிரிந்த பெற்றோர் சேர்ந்து வளர்க்கும் ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தனது 257ஆவது அறிக்கையில் 2015ஆம் வருஷமே சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் இன்னும் அதைச் சட்டமாக்கவில்லை.

அதே 6ஆவது பிரிவின் அடியில் இன்னொரு வரி இருக்கிறது: ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால்தான் சட்டம் எழுதியவர்கள் மனதில் என்ன குடும்பம் இருந்தது என்று தெரியும். சொத்து, கையெழுத்து, முடிவு எல்லாம் ஆணுக்கு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, காய்ச்சலில் பக்கத்தில் உட்காருவது பெண்ணுக்கு. ஆண் சம்பாதிப்பான், பெண் வளர்ப்பாள் என்ற அந்த ஒரு கணக்கின் மேல்தான் காப்பாளர் சட்டம், ஜீவனாம்சச் சட்டம், பிரசவ விடுப்புச் சட்டம் எல்லாம் நிற்கின்றன. ஆகவே சட்டம் பெண்ணுக்குச் சாதகம் என்று நீங்கள் சொல்வதையும், ஆணுக்குச் சாதகம் என்று என்னிடம் வழக்குக் கொடுத்த பெண்கள் சொல்வதையும் நான் தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தக் கணக்கில் பொருந்தாத ஆளாக யார் வந்து நின்றாலும் அடி விழுகிறது. சம்பாதிக்க நினைக்கிற அம்மாவுக்கு விழுகிறது. வளர்க்க நினைக்கிற அப்பாவுக்கும் விழுகிறது.

இப்போது உங்கள் மகள் விஷயம். டீக்கடையில் யாராவது 'ஐந்து வயசு முடியட்டும், பிள்ளை தானா அப்பாகிட்ட வந்துடும்' என்று சொல்லியிருப்பார்கள். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஐந்து வயதுக்கு முன்னாலும் பின்னாலும் கோர்ட் பார்ப்பது ஒன்றைத்தான்: குழந்தையின் நலன். அப்பாவின் உரிமையும் அம்மாவின் உரிமையும் அதற்குப் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஐந்து வயதுக்குள் என்றால், அம்மாவிடம் இருப்பது ஏன் குழந்தைக்கு நல்லதில்லை என்று காட்டும் சுமை அப்பா மேல் விழும். 2015இல் ராக்சன் சர்மா வழக்கில் இது தெளிவாகவே சொல்லப்பட்டது. மூன்றரை வயதுப் பெண் குழந்தை, அம்மாவிடம் எட்டு மாதமாக இருக்கிறது, அங்கே ஆபத்து இருப்பதாக நீங்களே எழுதவில்லை. முழுக் கஸ்டடி இப்போதைக்குக் கிடைப்பது கஷ்டம் என்பதே என் அனுபவம்.

பார்க்கும் உரிமை வேறு. அதில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு பெற்றோரின் அன்பும் கிடைப்பது குழந்தையின் உரிமை என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியது. நேரில் பார்க்க முடியாத நாட்களில் போனிலோ வீடியோவிலோ பேச வழி செய்யவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று வலுவான காரணம் இருந்தால் தவிர, அப்பா பார்க்கவே கூடாது என்று ஒரு நீதிபதி சொல்வது அபூர்வம். எவ்வளவு நேரம், எங்கே, ராத்திரி தங்கலாமா என்பதில்தான் வித்தியாசம் வரும். அதை முடிவு செய்வது பெரும்பாலும் அப்பாதான், தன் பதிலால்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் மாற்றித்தான். அப்பா வேன் ஓட்டுகிறவர், சம்பளச் சீட்டுகூடக் கிடையாது. நீதிபதி அம்மா நேராகக் கேட்டார், 'பையனுக்கு வீசிங் வருமாமே, ராத்திரி உங்ககிட்ட இருக்கும்போது வந்தா என்ன செய்வீங்க?' அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மருந்துச் சீட்டை எடுத்தார். 'அந்த மிஷின் வீட்ல ஒண்ணு வாங்கி வச்சிருக்கேங்கம்மா. இந்த மருந்துதான் வைக்கணும். பனிக்காலத்துல வாழைப்பழம் கொடுக்கக் கூடாது. தூங்கும்போது என் காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான், கையை எடுத்தா முழிச்சுக்குவான்.' எதிர்த் தரப்பில் நின்ற மனைவி தலையை ஆட்டினார், ஆமாம் என்று. சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை என்று அன்றைக்கே உத்தரவு ஆனது. அதே மாதம் வேறொரு வழக்கு. அப்பா நல்ல சம்பளக்காரர், ஏ.சி. போட்ட அறையின் போட்டோ, பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். மகளின் வகுப்பு டீச்சர் பெயர் என்ன என்று கேட்டதும் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் கிடைத்தது. அவர் கெட்டவர் இல்லை, மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். வளர்ப்பதை வீட்டில் பெண்களிடம் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

எனவே உங்கள் மனுவில் 'நான் தகப்பன், எனக்கு உரிமை உண்டு' என்ற வரியை மட்டும் நம்பி நிற்காதீர்கள். தடுப்பூசி போட யார் கூட்டிப்போனது, எந்த டாக்டர், அங்கன்வாடியில் சேர்த்தது யார், குழந்தைக்கு எதைக் கண்டால் பயம், இதையெல்லாம் எழுதுங்கள். எழுத உட்காரும்போது கை நின்றால், அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசியுங்கள். இன்னொன்று: 'அவள் கடைக்கு வேலைக்குப் போகிறாள், குழந்தையை யார் பார்ப்பது' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மனுவில் வைக்க வேண்டாம். நீங்களும்தான் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறீர்கள். உங்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை. வேலைக்குப் போவதை ஒரு தாயின் குற்றமாகச் சொல்லும் வாதத்தை நான் எந்தக் கட்சிக்காரருக்காகவும் எழுதித் தருவதில்லை.

எந்த ஊர் கோர்ட் என்பதில் நம் பகுதியில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாகூரிலிருந்து கடலூர் பக்கம்தான், முள்ளோடை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் மஞ்சக்குப்பம். ஆனாலும் இரண்டு வேறு ஆட்சி எல்லை. 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தில் மனு போட வேண்டுமென்றால், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் கோர்ட்டில்தான் போட வேண்டும். எட்டு மாதமாக அங்கே இருப்பதால் அது கடலூர் என்றே வாதம் வரும். இந்து திருமணச் சட்டத்தில் ஏதாவது மனு போட்டால், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் பாகூர் என்பதால் பாண்டியிலும் போடலாம், அதற்குள்ளேயே 26ஆவது பிரிவில் குழந்தைக்காகவும் கேட்கலாம். ஆனால் மனைவி அதைக் கடலூருக்கு மாற்றக் கேட்பார். இரண்டு ஊருக்கும் மேலே இருப்பது சென்னை உயர் நீதிமன்றம்தான் என்பதால் மாற்றல் மனு அங்கேயே முடிந்துவிடும், டெல்லி போக வேண்டியதில்லை. சின்னக் குழந்தையோடு இருக்கும் மனைவியின் சௌகரியத்தைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அந்த அலைச்சலில் ஆறு மாதம் போய்விடும். உங்கள் வீட்டுக்கும் கடலூருக்கும் இருக்கிற தூரத்துக்கு நேராகக் கடலூரிலேயே போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜீவனாம்சத்துக்கு வருகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144ஆவது பிரிவு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி, பிள்ளைகள், பெற்றோர் கேட்கலாம். கணவன் கேட்க இதில் இடமில்லை. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆவது பிரிவுகளில் வருமானமில்லாத கணவனும் மனைவியிடம் கேட்கலாம். சட்டத்தில் இது எழுதியிருக்கிறது என்பதே பல ஆண்களுக்குத் தெரியாது. தொகை எவ்வளவு என்று சட்டம் எங்கும் நிர்ணயிக்கவில்லை. 'பாதிச் சம்பளம் போய்விடும்' என்று உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல கோர்ட்டுகள் அதை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன, அதற்குக் கட்டுப்பட்டவை என்று சொல்ல முடியாது. மனைவியின் துணிக்கடைச் சம்பளம், உங்கள் பெற்றோரின் செலவு, வீட்டுக் கடன் எல்லாம் கணக்கில் வரும். மனைவிக்குச் சம்பாதிக்கும் தகுதி இருக்கிறது என்பது மட்டும் போதாது, என்ன சம்பாதிக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஒரு ரூபாய்கூட மறைக்காதீர்கள். மனு போட்ட தேதியிலிருந்து தொகை கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது, ஆகவே வாய்தா வாங்கித் தள்ளிப்போட்டால் பாக்கிதான் ஏறும்.

'சேர்ந்து வாழ மனு போட்டுடு, அவ வரலேன்னா பணம் கொடுக்க வேணாம்' என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழி அடைபட்டுவிட்டது. சேர்ந்து வாழ உத்தரவு இருந்து மனைவி வராவிட்டாலும், அதற்குத் தகுந்த காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உண்மையிலேயே சேர்ந்து வாழ ஆசை இருந்தால் அந்த மனுவைப் போடுங்கள், பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் போட வேண்டாம். அப்புறம், குழந்தைக்கான தொகை குழந்தையுடையது. 'பார்க்க விட்டால்தான் கொடுப்பேன்' என்று நீங்கள் சொன்னாலும், 'கொடுத்தால்தான் பார்க்க விடுவேன்' என்று அவர் சொன்னாலும் கோர்ட் ஏற்காது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், முடிந்த தொகையை இந்த மாதமே வங்கி மூலம் அனுப்பத் தொடங்குங்கள், பதிவு இருக்கும்.

ஆணுக்கு எதிரான வித்தியாசங்கள் சட்டத்தில் நிஜமாகவே இருக்கின்றன, அதை நான் மழுப்ப விரும்பவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவராகப் பெண் மட்டுமே வர முடியும். திருமண வழக்கை மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், அந்தச் சலுகை கணவனுக்கு இல்லை. தனி ஆண் ஒருவர் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தனிப் பெண் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். ஆணை வளர்க்கத் தெரியாதவனாகவும், ஆபத்தானவனாகவும் முன்கூட்டியே முடிவு கட்டுகிற விதி இது. அதை நான் ஏற்கவில்லை. பெண்ணுக்கு எதிரானவையும் அதே புத்தகத்தில் இருக்கின்றன. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் பாருங்கள்: பிள்ளையில்லாத விதவை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், அவளைப் பெற்ற அம்மா அப்பாவுக்கு முன்னால் இறந்துபோன கணவனின் வாரிசுகளுக்கு அது போகும். படிக்க வைத்து ஆளாக்கிய பெற்றோர் வரிசையில் பின்னால் நிற்பார்கள். என்னிடம் வரும் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரிடமும் உயில் எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்பதை எடுத்துக்கொண்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே, அதற்குள் கல்யாணமாகாத மகள்களுக்குக் கொடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் பாண்டிக்குச் செல்லாது. பாண்டி மகள்கள் 2005இன் மத்தியத் திருத்தம் வரை காத்திருந்தார்கள்.

மகளிர் காவல் நிலையப் புகார் வருமோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. மனைவியைக் கொடுமைப்படுத்தினால் வழக்குப் போடும் பழைய 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு. புகார் வந்தவுடன் குடும்பத்தையே தூக்கிப்போகும் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் தேவையை எழுத்தில் காட்டாமல் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொய்ப் புகார்கள் உண்டு, நானே எதிர்த்து நடத்தியிருக்கிறேன். ஆனால் தண்டனை கிடைக்காத வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று பேசுவது தவறு. நடுவில் சமரசமாகி, மனைவியே சாட்சி சொல்ல வராமல் முடிகிற வழக்குகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். உடம்பில் காயத்தோடு வந்தவள், பிள்ளைக்காக என்று திரும்பிப் போவாள். கோர்ட் பதிவில் அது விடுதலை என்றுதான் இருக்கும்.

இனி, 'வேலையை விட்டது அவள் முடிவு' என்ற உங்கள் வரி. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கின் பாதி இதற்குள் இருக்கிறது. அவர் வேலை பார்த்த கம்பெனி இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்து, சம்பளம் 21,000க்குள் இருந்திருந்தால், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும், முதலாளி கையிலிருந்து போகாது. அதற்கு மேல் சம்பளம் என்றால், அப்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் வருஷத்துப் பிரசவச் சலுகைச் சட்டப்படி முழுச் செலவும் முதலாளி தலையில். 2017இல் 12 வாரத்தை 26 ஆக்கியபோது, அந்தச் செலவில் அரசு பங்கெடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். காரணத்தை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள் என்பதால் கோர்ட்டில் நிரூபிப்பது சிரமம்.

சரி, அதே நேரத்தில் உங்களுக்கு எத்தனை நாள் விடுப்பு? தனியார் நிறுவனத்தில் அப்பாவுக்கு விடுப்பு தர வேண்டும் என்று சட்டமே இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள், அதே விதி பொருந்துகிற பாண்டி அரசு ஊழியருக்கும் 15 நாள். பாண்டியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், பிரான்சில் வேலை பார்க்கும் மகனுக்கு 2021 ஜூலை முதல் 28 நாள். உங்களுக்குப் பூஜ்யம். 26 வாரம் முடிந்த அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்திருக்கும், இரண்டு சம்பளத்தில் குறைந்த சம்பளம் நின்றிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது பெண்ணின் சம்பளம். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்கு அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறாள், செய்யும் ஆண் 97 நிமிடம். நிறைய ஆண்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. நீங்கள் ஷிஃப்டுக்கு ஒழுங்காகப் போய் இந்தச் சம்பளத்துக்கு வந்ததற்கும், அவர் துணிக்கடையில் முதலிலிருந்து ஆரம்பிப்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது. ஜீவனாம்சம் என்று கேட்பது அந்தப் பங்கைத்தான். கணவன் வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று 2023 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் சொன்னது. எல்லா வழக்குக்கும் பொருந்துமா என்பது இன்னும் முடிவாகாத விஷயம். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

பெண்ணுக்கு 26 வாரம், ஆணுக்குப் பூஜ்யம் என்றால், நஷ்டம் இரண்டு பேருக்கும். அவர் வேலையை இழந்தார். நீங்கள், குழந்தையோடு பழகியிருக்க வேண்டிய முதல் மாதங்களை இழந்தீர்கள். இன்றைக்கு நீதிபதி முன்னால் அதுதான் உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஆண்களுக்காகப் போராடுகிறோம் என்று சொல்கிற சங்கங்கள் ஜீவனாம்சத்தை ஒழிக்கக் கேட்பதைவிட, தொழிற்சாலை வாசலில் நின்று அப்பாவுக்கு விடுப்புக் கேட்டால் நானும் வந்து நிற்பேன்.

பாண்டிக்கே உரிய ஒரு விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் குடும்பமோ மனைவி குடும்பமோ ரெனோன்சான் குடும்பமா? 1881ஆம் வருஷத்து பிரெஞ்சு ஆணைப்படி சாதி, மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களின் வம்சம். நான் மேலே சொன்ன இந்து திருமணச் சட்டமும், காப்பாளர் சட்டமும், வாரிசுரிமைச் சட்டமும் பாண்டி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களிலேயே எழுதியிருக்கிறது. பாகூர்ப் பக்கம் இது அரிதுதான். இருந்தாலும் தாத்தா காலத்துக் காகிதம் ஏதாவது பெட்டியில் இருந்தால் வக்கீலிடம் காட்டிவிடுங்கள், வழக்கின் அடிப்படையே மாறும்.

இப்போது செய்ய வேண்டியவை. நோட்டீஸில் உள்ள தேதிக்குக் கட்டாயம் போங்கள்; போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே, அவர் கேட்ட தொகைக்கே உத்தரவு ஆகலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவி பெண்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, உங்கள் வேலையின் தன்மையைச் சொல்லிக் கேளுங்கள். அங்கன்வாடியிலிருந்து குழந்தையைத் தூக்கிவருவது, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மாமியார் வீட்டு வாசலில் நிற்பது, வாட்ஸ்அப்பில் திட்டி ஸ்டேட்டஸ் போடுவது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றும் உங்கள் மேல் ஒரு பக்கம் எழுத அவர்களுக்கு உதவும். குடும்ப நல கோர்ட்டில் முதலில் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அங்கே யார் தப்பு என்ற பஞ்சாயத்தை எடுக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசுங்கள்.

மனு எழுதும்போது 'குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்' என்று ஒன்றை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், நிறையப் பேர் அப்படி விட்டுவிட்டு இரண்டு வருஷம் குழந்தையின் முகத்தையே பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை வாரம் ஒருமுறை பார்க்க இடைக்கால மனு ஒன்றைக் கூடவே போடுங்கள். எட்டு மாத இடைவெளி அந்த வயதில் பெரிது. முதல் நாலைந்து முறை அம்மாவோ பாட்டியோ கண்ணில் படும் தூரத்தில் இரண்டு மணி நேரம், பிறகு பகல் முழுக்க, பிறந்த நாளும் பொங்கலும் பிரித்து, புதன்கிழமை ராத்திரி பத்து நிமிடம் வீடியோ, பள்ளியில் சேர்க்கும்போது இரண்டு பேர் கையெழுத்தும், ராத்திரி தங்குவது குழந்தை பழகின பிறகு என்று படிப்படியாக நீங்களே எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதிக் கொடுக்கிற அப்பாவின் மனுவை நீதிபதிகள் நின்று படிப்பதைப் பார்த்திருக்கிறேன். மனைவி தரப்பும் அதில் பாதிக்காவது ஒப்புக்கொள்ளும்.